உணவு டப்பாவுக்கு அட்டை ஸ்லீவ்: அளவெடுப்பது முதல் கடையில் அடுக்குவது வரை

வடசென்னை தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு பேக்கேஜிங் டிசைன் கடை வைத்திருக்கிறேன். கருவாட்டுத் தொக்கு, இட்லிப் பொடி, அதிரசம், முறுக்கு என்று வீட்டிலேயே செய்து விற்பவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். வரும்போதே போனில் ஒரு டிசைன் இருக்கும். கையில் டப்பா இருக்காது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்லீவ் என்பது இரண்டு முனையும் திறந்த அட்டைப் பட்டை. வளையல் போல டப்பாவின் மேல் ஏறி உட்காரும். வளையலுக்குக் கையளவு எப்படியோ, ஸ்லீவுக்கு டப்பா அப்படி. படம், நிறம், பெயர் எல்லாம் அதற்குப் பிறகுதான். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். உதாரணத்துக்கு, காசிமேட்டில் வாங்கும் நெத்திலிக் கருவாட்டில் செய்த தொக்கு, செவ்வக பிளாஸ்டிக் டப்பா, 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

பொருள் நிரப்பி மூடிய டப்பா மூன்று வேண்டும். ஒன்று போதாது. மூன்றையும் வேறு வேறு கட்டிலிருந்து எடுங்கள். பாரிமுனை மொத்தக் கடையில் இந்த மாதம் வாங்கிய டப்பாவும் அடுத்த மாதம் வாங்கும் டப்பாவும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். அளந்தால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். ஸ்லீவுக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் பெரிய விஷயம்.

அப்புறம் உங்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவு எண்), சேர்மானப் பட்டியல், ஊட்டச்சத்து விவரம், மாதம் எத்தனை டப்பா போகிறது என்ற கணக்கு. எண் இன்னும் வரவில்லை என்றால் டிசைன் வேலையைத் தொடங்காதீர்கள். "நம்பர் வந்ததும் போட்டுக்கலாம்" என்று இடம் விட்டு வைத்தவர்கள், கடைசியில் அந்த இடம் காலியாகவே அச்சுக்குப் போய், ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளித்ததைப் பார்த்திருக்கிறேன்.

2. ஸ்லீவ்தான் வேண்டுமா என்று பாருங்கள்

தட்டையான பக்கங்கள் உள்ள டப்பாவுக்கும் தட்டுக்கும் அட்டை ஸ்லீவ் நன்றாக வரும். ஒரே ஸ்லீவில் மேல், அடி, இரண்டு பக்கம் என்று நான்கு முகம் கிடைப்பதால் ஸ்டிக்கரில் கொள்ளாத விவரமெல்லாம் இதில் கொள்ளும்.

வட்டமான பாட்டிலுக்கு அட்டை வேண்டாம். அதற்குச் சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் ஷ்ரிங்க் ஸ்லீவ் இருக்கிறது. அது பிவிசி அல்லது பெட்-ஜி பிளாஸ்டிக் ஃபிலிம், வழக்கமாக 40 முதல் 50 மைக்ரான். பாட்டில் குறுகும் இடத்தில் ஃபிலிம் அதிகம் சுருங்குவதால் அங்கே போட்ட எழுத்தும் நசுங்கும். பெயரையும் பார்கோடையும் பாட்டிலின் நேரான பகுதியில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மிச்சத்தை ஃபிலிம் அச்சடிப்பவரிடமே பேசுங்கள். இனி இங்கே அட்டை மட்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: ஸ்லீவ் சீல் ஆகாது. கழற்றி மாட்டினால் யாருக்கும் தெரியாது. உள்ளே ஃபாயில் சீலோ, மூடியையும் டப்பாவையும் சேர்த்து ஒட்டிய ஸ்டிக்கரோ இருந்தே ஆக வேண்டும்.

3. அளவெடுப்பது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இங்கே நடந்தவை.

காலி டப்பாவை அளக்கக் கூடாது. தொக்கை நிரப்பி மூடினால் பக்கங்கள் லேசாக உப்பும். சூடாக நிரப்பி மூடினால், ஆறிய பிறகு மூடி உள்வாங்கும். நிரப்பி, மூடி, முழுவதும் ஆறவிட்டு, மறுநாள் அளவெடுங்கள். துணி டேப் வேண்டாம். ஸ்டீல் ஸ்கேல் அல்லது வெர்னியர்.

அடுத்து, டப்பாவின் சாய்வு. கடையில் கிடைக்கும் டப்பாக்கள் ஒன்றுக்குள் ஒன்று அடுக்க வசதியாக மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் இருக்கும். நம் உதாரண டப்பாவில் மூடி விளிம்பின் அகலம் 85 மில்லிமீட்டர், அடியின் அகலம் 74, உயரம் 45. புதிதாகச் செய்பவர்கள் மூடியை மட்டும் அளந்து, மேலும் கீழும் அதே அளவைப் போட்டுவிடுவார்கள். ஸ்லீவ் ஏறும், ஆனால் அடிப்பக்கம் தொளதொளவென்று தொங்கும், பக்கவாட்டு அட்டை வளைந்து நிற்கும். மேல் முகமும் அடி முகமும் வேறு வேறு அளவாகத்தான் இருக்க வேண்டும்.

அதோடு அட்டையின் தடிமனும் இடம் பிடிக்கும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் அட்டையின் எடை, கிராமில்) அட்டை, வகையைப் பொறுத்து, ஏறக்குறைய 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர் இருக்கும். மடிப்பில் அது உள்பக்கம் திரும்புவதால் உள்ளளவு குறையும். அதற்கும், எளிதாக ஏறுவதற்கும் சேர்த்து ஒவ்வொரு முகத்துக்கும் 1 முதல் 2 மில்லிமீட்டர் கூட்டுகிறேன்.

நம் டப்பாவுக்கு இப்படி வரும்: மேல் முகம் 87, ஒரு பக்கம் 46, அடி 76, இன்னொரு பக்கம் 46, பசை மடிப்பு 12. மொத்தம் 267 மில்லிமீட்டர். இதுதான் விரித்துப் போட்ட அட்டையின் சுற்றளவு. டப்பாவின் நீளவாக்கில் ஸ்லீவ் எவ்வளவு மூட வேண்டும் என்பதை இப்போதைக்கு 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6ஆம் படியில் அதை மறுபடி பார்ப்போம்.

பசை மடிப்பை 12க்குக் கீழே குறைக்க வேண்டாம். கையால் ஒட்டும்போது பசை விளிம்புக்கு வெளியே பிதுங்கி, ஸ்லீவ் டப்பாவோடு ஒட்டிக்கொள்ளும்.

4. வெள்ளை டம்மி

கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். அச்சடிக்கப் போகும் அதே ஜிஎஸ்எம்மில் ஒரு வெள்ளை அட்டையை வாங்குங்கள். ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளுக்கா பஞ்சம்? ஒரு ஷீட் வாங்கினால் பல டம்மி, அதாவது அச்சில்லாத மாதிரி ஸ்லீவ், செய்யலாம். பென்சிலால் கோடு போட்டு, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேலோடு சேர்த்து அழுத்தி இழுத்தால் மடிப்புக் கோடு விழும். மடித்து, ஒட்டி, மூன்று டப்பாவிலும் ஏற்றிப் பாருங்கள்.

சரியான பிடி எது என்று கை சொல்லும். டப்பாவைச் செங்குத்தாகத் தூக்கி லேசாக உலுக்கினால் ஸ்லீவ் நழுவக் கூடாது. இரண்டு விரலால் தள்ளினால் நகர வேண்டும். பொருத்திய டப்பாவை இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் வெளியே எடுத்து அரை மணி நேரம் விடுங்கள். வியர்த்து நனைந்த பிறகும் பிடி இருக்கிறதா? மூன்று டப்பாவையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அப்புறம் பையில் போட்டு டூ-வீலரில் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு சுற்று போய் வாருங்கள். கன்டெய்னர் லாரிகள் உழுது போட்ட அந்தச் சாலையில் கழறாத ஸ்லீவ் எங்கேயும் கழறாது.

கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு அக்காவுக்கு, அவசரம் என்று சொன்னதால், டம்மி செய்யாமல் நானே டிசைனை அச்சுக்கு அனுப்பிவிட்டேன். ஆயிரம் ஸ்லீவ் வந்தது. மறுநாள் காலை போன். "தம்பி, டப்பா உள்ள போவவே மாட்டேங்குது. தள்ளுனா மூடி தொறந்துக்குது." போய்ப் பார்த்தால் 2 மில்லிமீட்டர் குறைவு. காலி டப்பாவை அளந்திருக்கிறேன். மறு அச்சுச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் அவர் தீபாவளி ஆர்டருக்கு அது நேரத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு, வெள்ளை டம்மியில் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடாமல் எந்த வேலையையும் நகர்த்துவதில்லை.

5. எந்த அட்டை

பொருள் 250 கிராமுக்குள் என்றால் 280 முதல் 300 ஜிஎஸ்எம். அதற்கு மேல் 350. மெல்லியதை எடுத்தால் மடிப்பு நிற்காது. தடித்ததை எடுத்தால் மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும்.

மலிவான டூப்ளெக்ஸ் அட்டையின் பின்பக்கம் சாம்பல் நிறமாக இருக்கும். அது மறுசுழற்சி நார். மூடிய டப்பாவுக்கு வெளியே மாட்டினால் பிரச்சினை இல்லை. திறந்த தட்டில் அதிரசத்தை வைத்து ஸ்லீவை மட்டும் சுற்றுபவர்கள் இதை எடுக்கவே கூடாது. பொருள் அட்டையில் உரசும், எண்ணெயையும் அட்டை உறிஞ்சும். அப்படிப்பட்ட பொருளை முதலில் உணவுத் தர உறையில் மூடிவிட்டுத்தான் ஸ்லீவ் மாட்ட வேண்டும்.

யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கிரெயின் எந்தப் பக்கம்? அட்டையில் நார்கள் ஒரே திசையில் ஓடும். அந்த ஓட்டம் டப்பாவைச் சுற்றி வரும் திசையில், அதாவது மடிப்புக் கோடுகளுக்குக் குறுக்காக இருந்தால் முகங்கள் விறைப்பாக நிற்கும். மாறிப்போனால் மேல் முகம் நடுவில் குழிந்தோ உப்பியோ நிற்கும். ராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோர ஈரக் காற்றில் இது இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும். சோதிப்பது எளிது: சதுரமாக ஒரு துண்டை வெட்டி இரு திசையிலும் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாகச் சுருள்கிறதோ, அந்தச் சுருளின் அச்சு வாக்கில்தான் நார் ஓடுகிறது.

6. ஒரு ஷீட்டில் எத்தனை வருகிறது

டிசைனுக்கு முன்பே இந்தக் கணக்கைப் போடுங்கள். சின்ன ஆஃப்செட் மெஷினில் 18 × 23 இன்ச் ஷீட் ஓடும். மில்லிமீட்டரில் 457 × 584. நம் ஸ்லீவ் 267 × 80. நடுவில் 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் 584 பக்கத்தில் இரண்டு, 457 பக்கத்தில் ஐந்து. மொத்தம் பத்து. மெஷின் பிடிக்கும் கிரிப்பருக்கும் இடம் இருக்கிறது.

80க்குப் பதில் 86 வைத்தால்? ஐந்து வரிசைக்கு 454 ஆகிறது. கிரிப்பருக்கு மிஞ்சுவது 3 மில்லிமீட்டர். நடக்காது, நான்கு வரிசைதான் வரும். பத்து எட்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத 6 மில்லிமீட்டருக்காக ஐந்தில் ஒரு பங்கு அட்டை வீணாகிறது. அதனால்தான் நீளத்தை முன்பே முடிவு செய்ய வேண்டாம் என்றேன்.

இந்த அமைப்பில் நார் ஓட்டம் 23 இன்ச் பக்கமாக இருக்க வேண்டும். 23 × 36 ஷீட்டைப் பாதியாக வெட்டும்போது, பெரிய ஷீட்டில் நார் 36 பக்கமாக ஓடினால் உங்களுக்குத் தவறான திசை வந்துவிடும். அட்டை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஐந்நூறுக்குக் கீழே தேவை என்றால் ஆஃப்செட் வேண்டாம், டிஜிட்டல் போதும். நிறத்துக்கு ஒரு ப்ளேட் செய்து மெஷினைத் தயார் செய்யும் செலவு, நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒன்றுதான். மூன்று நான்கு வகைப் பொருள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் சேர்த்து அடிக்கலாம். டப்பா ஒன்றாக இருந்தால் டையும் (அட்டையை வெட்டி மடிப்புக் கோடு போடும் பிளேடு பலகை) ஒன்றே.

7. சட்டம் கேட்கும் எழுத்துகள்

அழகுக்கு முன் இவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள். கடைசியில் திணித்தால் எறும்பு ஊர்வது போல் ஆகிவிடும். பொருளின் பெயர், அளவு வரிசைப்படி இறங்கும் சேர்மானப் பட்டியல், ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, எஃப்எஸ்எஸ்ஏஐ முத்திரையும் 14 இலக்க எண்ணும், தயாரிப்பவரின் முகவரி, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, வைத்துக்கொள்ளும் முறை, எல்லா வரியும் சேர்ந்த எம்ஆர்பி, நுகர்வோர் தொடர்பு விவரம்.

சைவம் என்றால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். முகப்புப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்குள் இருந்தால் வட்டத்தின் விட்டம் குறைந்தது 3 மில்லிமீட்டர். அசைவத்துக்குப் பழைய பழுப்பு வட்டத்தை இன்னும் சிலர் இணையத்திலிருந்து எடுத்துப் போடுகிறார்கள். 2020 லேபிளிங் விதிகளின்படி அது பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். நம் தொக்கில் மீன் இருப்பதால் ஒவ்வாமை அறிவிப்பிலும் மீனைச் சொல்ல வேண்டும்.

மொழி விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். தமிழில் மட்டும் போட்டால் போதாது. எனக்கு இதில் வருத்தம்தான். ஆனாலும் முகப்பில் பெயரைத் தமிழில் பெரிதாகப் போடுவதை யாரும் தடுக்கவில்லை. தாராளமாகப் போடுங்கள்.

டப்பாவில் ஸ்டிக்கர் இருக்கிறதே, ஸ்லீவில் எதற்கு என்று கேட்பார்கள். ஸ்லீவ் அந்த ஸ்டிக்கரை மறைத்தால் விவரம் ஸ்லீவிலும் இருந்தாக வேண்டும். ஸ்டிக்கரையும் எடுத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் போனதும் ஸ்லீவ் குப்பைக்குப் போய்விடும். டப்பா ஒரு மாதம் ஃப்ரிட்ஜில் இருக்கும். காலாவதி தேதியும் ஒவ்வாமை அறிவிப்பும் டப்பாவிலும் வேண்டும்.

"இயற்கை", "சுத்தமான", "ஃப்ரெஷ்" போன்ற சொற்களுக்கு 2018 விளம்பர விதிகளில் கட்டுப்பாடு உண்டு. அவற்றை நம்பி டிசைன் செய்யாதீர்கள். "காசிமேட்டு நெத்திலி" என்பது உண்மையாக இருந்தால், அதுவே அவற்றைவிட வலுவான வரி.

8. இப்போது டிசைன்

டப்பா கடையில் எப்படி உட்காரும் என்று போய்ப் பாருங்கள். கண்ணாடி கவுன்டரில் மேலிருந்து பார்ப்பார்கள். மேல் முகம் முக்கியம். மளிகைக் கடை அலமாரியில் ஐந்தாறாக அடுக்கிவைத்தால் தெரிவது 46 மில்லிமீட்டர் பக்க முகம் மட்டும். பெரம்பூரில் ஒரு கடையில் நான் செய்த இட்லிப் பொடி ஸ்லீவைத் தேடினேன். அடுக்கில் தெரிந்ததெல்லாம் சேர்மானப் பட்டியல்தான். பெயர் மேல் முகத்தில் படுத்திருந்தது. இப்போது இரண்டு பக்க முகத்திலும் பெயர், வகை, நிற அடையாளம் மூன்றும் வைக்கிறேன். சின்ன எழுத்தெல்லாம் அடி முகத்துக்கு.

வகைகளை நிறத்தால் பிரியுங்கள், அமைப்பை மாற்றாதீர்கள். நெத்திலிக்கு நீலம், இறாலுக்கு ஆரஞ்சு என்று பட்டை மட்டும் மாறட்டும். பெயர் இருக்கும் இடமும் எழுத்து வடிவமும் ஒன்றாக இருந்தால்தான் தூரத்திலிருந்தே ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். டிசைன் மென்பொருளில் யூனிகோட் தமிழை ஒட்டினால் "தொக்கு" சில சமயம் சிதறி, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். இல்லஸ்ட்ரேட்டரில் இண்டிக் வசதியை இயக்கி, தெற்காசிய காம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கிவிடுங்கள், அதாவது ஃபான்ட் தேவைப்படாத வரைகோடாக மாற்றிவிடுங்கள். அங்கே உங்கள் ஃபான்ட் இருக்காது. திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

அடர் நிறத்தின் மேல் வெள்ளையில் சின்னத் தமிழ் எழுத்து வேண்டாம். ண, ன போன்றவற்றின் சுழிக்குள் மை ஏறி அடைத்துக்கொள்ளும். சின்ன எழுத்துக்குத் தனிக் கறுப்பு மட்டும் போடுங்கள். நான்கு நிறமும் கலந்த கறுப்பு, ப்ளேட் ஒரு இழை விலகினாலும் நிழல் தட்டும்.

பார்கோடு வெள்ளைப் பின்னணியில் கறுப்பில் இருக்கட்டும். ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்குச் சிவப்புக் கோடு தெரியாது. மடிப்பின் மேல் வரக் கூடாது. பேட்ச், தேதி, விலைக்கு வெற்று வெள்ளை இடம் ஒன்று ஒதுக்குங்கள். அங்கே வார்னிஷும் லேமினேஷனும் வந்தால் முத்திரை மை காயாமல் விரலோடு வந்துவிடும். முழு லேமினேஷன் என்றால் தேதிக்குத் தனி ஸ்டிக்கர்தான்.

வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நிறம் நீள வேண்டும். உள்ளே 4 மில்லிமீட்டருக்கு எழுத்து வரக் கூடாது. பசை மடிப்பில் எதையும் அச்சடிக்காதீர்கள்.

9. ப்ரூஃப்

ஏ4 தாளில் அசல் அளவில் பிரின்ட் எடுங்கள். பிரின்டர் தானாகவே "பக்கத்துக்குள் அடக்கு" என்று சுருக்கிவிடும். அதை அணைத்துவிட்டு, வந்த பிரதியை ஸ்கேலால் அளந்து 267 இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டி டப்பாவில் சுற்றுங்கள். அடி முகம் தலைகீழாக இருப்பது திரையில் தெரியாது. கையில் எடுத்துத் திருப்பினால் உடனே தெரியும்.

எழுத்துப்பிழையை நீங்கள் மட்டும் பார்க்காதீர்கள். அந்தப் பொருளைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எண்களை இன்னொருவர் சரிபார்க்கட்டும்.

10. அச்சும் டையும் ஒட்டுவதும்

அச்சகத்தில் முதல் ஷீட் வரும்போது அங்கே இருங்கள். டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரு ஷீட்டை வெட்டி மடித்து ஏற்றிப் பார்த்த பிறகே மிச்சத்தை ஓட்டச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பலகாரத்துக்கும் ஃப்ரிட்ஜ் பொருளுக்கும் லேமினேஷன் தேவை. உலர்ந்த பொடிக்கு வார்னிஷ் போதும். லேமினேட் செய்த ஸ்லீவைச் சாதாரண வெள்ளைப் பசையால் ஒட்டினால் இரண்டு நாளில் விட்டுவிடும். அதற்கென்று தனிப் பசை இருக்கிறது. ஒட்டுபவரிடம் லேமினேஷன் உண்டு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். வார்னிஷ் என்றால் பசை மடிப்பை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்லலாம்.

அச்சு முடிந்ததும் அதே நாள் டைக்கு அவசரப்படுத்தாதீர்கள். மை காயாத ஷீட் அடுத்த ஷீட்டின் முதுகில் ஒட்டும். மை வாசனையும் தங்கிவிடும்.

11. மாட்டுவதும் வைத்திருப்பதும்

வந்த ஸ்லீவ்களைத் தட்டையாகவே வையுங்கள். ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினால் விளிம்பு வெட்டுப்படும். அகலமான காகிதப் பட்டை போடுங்கள். மாட்டுவதற்கு முன் எல்லா மடிப்பையும் எதிர்ப்பக்கம் ஒருமுறை மடித்துவிட்டால் ஸ்லீவ் சட்டென்று திறக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் பல தெருக்களில் தண்ணீர் நிற்கும். கட்டுகளைத் தரையில் வைக்காமல், சுவரிலிருந்தும் தள்ளி, பலகை மேல் பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள். ஈரம் பட்ட ஸ்லீவ் காய்ந்தாலும் நேராகாது. விலையும் விதியும் மாறும் என்பதால் மூன்று நான்கு மாதத் தேவைக்கு மேல் அடிக்க வேண்டாம்.

முதல் ஐம்பது டப்பாவைக் கடையில் வைத்த பத்தாம் நாள் போய், அலமாரியில் இருக்கும் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். மூலை நைந்திருக்கிறதா, எண்ணெய் ஏறியிருக்கிறதா, தேதி முத்திரை அழிந்திருக்கிறதா? பார்த்ததை டையின் உறை மேலேயே எழுதிவையுங்கள். அடுத்த அச்சுக்குப் போகும்போது அந்த உறைதான் முதலில் கைக்கு வரும்.